பூச்சியம் வாங்கிய ஹாஜியாரும் நானூறு வாங்கிய மாஸ்டரும்

இருதய கிளினிக்குக்குப் புதிதாக வந்திருக்கும் டொக்டர் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். மருந்துகளைப் பற்றி எழுத மாட்டேன். நான் ஓய்வு பெற்ற பிறகு வந்த மருந்துகளின் பெயர்களைச் சொல்லப் போனால் என் பல்செட் கழன்றுவிடுகிறது. இருதயத்தை எடுக்கும் ஸ்கேன் படங்களைப் பற்றி எழுதுகிறேன்.

போன மாதம் என் பிரஷரைக் காட்ட உங்கள் கிளினிக்குக்கு வந்திருந்தேன். வாசல் வாங்கில் எனக்கு முன்னால் பத்தொன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் பதினொரு பேரின் கையில் பெரிய வெள்ளை உறை. உள்ளே கூப்பிட்டதும் நீங்கள் எல்லோரும் முதலில் கை நீட்டியது உறைக்குத்தான். ஒருவர் மட்டும் “உட்காருங்க” என்றார்; அதையும் உறையைப் பார்த்தே சொன்னார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். என் மனைவி நாற்பது வருடமாகக் கோபித்துப் பார்த்துவிட்டாள், பழக்கம் போகவில்லை.

படம் நல்ல சாமான். நான் அதற்கு எதிரி இல்லை. ஆனால் அது எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று தெரியாமல் அதைக் கையில் எடுப்பது, ரத்தோட்டை பஸ்ஸின் நேர அட்டவணையை நம்பிச் சந்தியில் நிற்பதைப் போன்றது.

முதலில் ஒரு சின்னக் கதை. லக்கலப் பக்கத்திலிருந்து ஒரு சிங்கள விவசாயி என்னிடம் வந்துகொண்டிருந்தார். காட்டை வெட்டிச் சேனைப் பயிர் செய்கிறவர். அவருக்கு நெஞ்சை இறுக்கும், ஆனால் யானை விரட்டும்போது மட்டும். கண்டிக்கு அனுப்பி அஞ்சியோகிராம் எடுத்தோம். குழாய்கள் எல்லாம் கழுவிவிட்ட மாதிரி இருந்தன. ஓடும் பட்டியில் ஏற்றி நடக்கவிட்டோம், வேகத்தைக் கூட்டினோம். நெஞ்சு நோகவில்லை.

“ஏன் நோகவில்லை?” என்று கேட்டேன்.

“இங்கே யானை இல்லையே, டொக்டர் மஹத்தயா,” என்றார்.

தாதிமார் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பஸ் கிடைக்காமல் அவர் அன்று வாங்கில் தூங்கியதைப் பார்த்தபோது சிரிப்பு நின்றது. அஞ்சியோகிராம் காட்டுவது பெரிய குழாய்களின் உள்வாயை. அதற்குக் கீழே மயிர் மாதிரி ஓடும் சின்னக் குழாய்களை அது காட்டாது. பயத்திலும் குளிரிலும் ஒரு குழாய் தானாகச் சுருங்கிக்கொள்வதை, பயமில்லாத அறையில் எடுத்த படம் காட்டாது. “படம் சுத்தம், உனக்கு ஒன்றுமில்லை” என்று அவரை அனுப்பியிருந்தால் அது பொய். மருந்து கொடுத்தோம். நோவு குறைந்தது. யானை குறையவில்லை.

இனிப் பெரிய கதை.

மாத்தளை டவுனில் ரவூப் ஹாஜியாருக்கு வாசனைத் திரவியக் கடை. மிளகு, கராம்பு, கறுவா, சாதிக்காய். கடையைத் தாண்டி நடந்தாலே தும்மல் வரும். ஐம்பதைத் தாண்டியவர். சீனி வருத்தம் இருந்தது, ஒரு நாளைக்கு ஒரு பெட்டி சிகரெட் இருந்தது, இரண்டையும் மறைக்கிற அளவுக்குப் பெரிய சிரிப்பும் இருந்தது. அவருடைய மனைவி பரீதாவின் மூத்த அண்ணன்தான் மக்கீன் மாஸ்டர். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், ஒல்லி, சிகரெட்டை மோந்துகூடப் பார்க்காதவர். எட்டாம் வகுப்பில் ரவூப் ஹாஜியாருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவரே. பிறகுதான் தங்கையைக் கொடுத்து மச்சான் ஆனார். ஏன் கொடுத்தார் என்பது அவருக்கே தெரியாது என்று பரீதா சொல்வாள்.

கண்டியில் ஒரு தனியார் இடத்தில் இருதய ஸ்கேன். சோடியாக வந்தால் விலையில் கழிவு என்று அறிவித்திருந்தார்கள், செருப்புக் கடை மாதிரி. கழிவு என்றால் ஹாஜியாரால் வீட்டில் இருக்க முடியாது. மச்சானையும் இழுத்துக்கொண்டு போனார். இருதயக் குழாய்ச் சுவரில் எவ்வளவு சுண்ணாம்பு படிந்திருக்கிறது என்று பார்த்து ஓர் எண் கொடுக்கும் ஸ்கேன் அது. இரண்டு பேரும் எண்ணோடு என் கிளினிக்குக்கு வந்தார்கள். கதவைத் தட்டவில்லை.

“டொக்டர், பாருங்க!” என்றார் ஹாஜியார். “எனக்கி முட்டை. மச்சானுக்கு நானூத்திச் சொச்சம். எட்டாம் வகுப்புல எனக்கி முட்டை போட்ட மனிசன் இவரு. இண்டைக்கி அல்லாஹ் திருத்தின பேப்பர்ல ஆரு பாஸ் எண்டு கேளுங்க!”

“சத்தம் போடாதீங்க மச்சான்,” என்றார் மாஸ்டர் மெல்லிய குரலில், நெஞ்சில் கை வைத்தபடி. “என்ட கல்பு தாங்காது.”

“நேத்து வரைக்கும் தாங்கிச்சே?”

“நேத்து எனக்கி எண் தெரியாது.”

இந்தப் பதிலைக் குறித்துக்கொள்ளுங்கள். எண் தெரிவதற்கு முந்திய நாள்வரை மாஸ்டர் பள்ளிவாசலுக்கு மேட்டில் நடந்து போய் வந்தவர். எண் தெரிந்த அன்று த்ரீவீலரில் வந்தார்.

நான் இருவரையும் பரிசோதித்தேன், கேள்வி கேட்டேன். மாஸ்டருக்கு எந்த நோவும் இல்லை. பிறகு ஓடும் பட்டியில் ஏற்றியதில் அவர் வயதுக்கு மிக நன்றாகவே நடந்தார். கொலஸ்ட்ரோல் குளிசை கொடுத்து, “தினமும் நடங்க” என்றேன்.

“நானூறு எடுத்தவன நடக்கச் சொல்றீங்களா, டொக்டர்?”

ஹாஜியாருக்கும் அதே குளிசையைக் கொடுத்து, “சிகரெட்ட விடுங்க, சீனியக் கட்டுப்படுத்துங்க” என்றேன்.

“முட்டை எடுத்தவனுக்கு மருந்தா? என்னா டொக்டர், பாஸான பொடியனுக்கு டியூசன் வெக்கிறீங்க!”

நான் விளக்கினேன். ரத்தோட்டைக்கு மேலே போகும் மலைப்பாதையை நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன். முன்பு சரிந்த இடங்களில் கல் அடுக்கி, சீமெந்து பூசி, கம்பி வலை போட்டிருக்கிறார்கள். தூரத்திலிருந்தே வெள்ளையாகத் தெரியும். ஸ்கேன் எண்ணுவது அந்த வெள்ளையை. வெள்ளை நிறைய இருந்தால் அந்த மலை சரிகிற சாதி என்று தெரியும், கவனமாக இருக்க வேண்டும். ஆனால் பாதையில் போகக் கூடாது என்று பொருளில்லை. இன்னொரு பக்கம், புல் மூடிய பச்சை மேடு. பார்க்க அழகாக இருக்கும். உள்ளே மண் ஊறிப்போயிருக்கும். அடுத்த மழைக்கு அதுதான் விழும். சுண்ணாம்பு ஏறாத கொழுப்பு அந்த மேடு மாதிரி; அதற்கு ஸ்கேனில் மார்க் கிடையாது.

ஹாஜியார் கவனமாகக் கேட்டார். பிறகு மச்சான் பக்கம் திரும்பி, “டொக்டர் சொல்றது வெளங்கிச்சா? ஒங்கட மலை முழுக்க சீமெந்து,” என்றார்.

பிள்ளைகளே, பூச்சியம் நல்ல செய்திதான். நோவும் இல்லாமல், சிகரெட்டும் சீனியும் இல்லாமல் இருக்கிற ஒருவருக்கு அது வந்தால் நானும் சந்தோஷப்படுவேன். ஆனால் அது இன்றைய தேதியில் எடுத்த எண். அதை ஹாஜியார் ஆயுள் காப்புறுதியாக எடுத்துக்கொண்டார். ரிப்போர்ட்டைப் பெரிதாக்கிக் கடையில் தராசுக்கு மேலே மாட்டினார். சாமான் வாங்க வந்தவர்கள் அதை வியாபார லைசன்ஸ் என்று நினைத்தார்கள். மாஸ்டரோ சாய்வு நாற்காலிக்குப் போனார். தேங்காய் தூக்கவில்லை, படி ஏறவில்லை, மரண வீடுகளுக்குப் போகவில்லை, கல்யாண வீடுகளில் சிரிக்கவில்லை. பரீதா இருவரையும் பற்றி என்னிடம் ஒருமுறை முறையிட்டாள்: “டொக்டர், ஒருத்தரு சாவ மாட்டேன் எண்டு திரியிறாரு, மத்தவரு செத்துட்டேன் எண்டு படுத்திருக்காரு. ரெண்டுக்கும் நடுவுல நான் மட்டும் உசிரோட ஈக்கிறேன்.”

இப்படி மூன்று வருடம்.

பிறகு ஹாஜியாரின் மூத்த மகளுக்குக் கல்யாணம். டவுன் மண்டபம், ஞாயிற்றுக்கிழமை, பகல் சாப்பாடு. எனக்கும் அழைப்பு வந்தது. மண்டபத்தில் பதினான்கு விசிறிகள், சுற்றியவை ஒன்பது. எங்களுக்கு மேலே இருந்தது நன்றாகச் சுற்றியது. இதை ஏன் சொல்கிறேன் என்று பாருங்கள்.

முஸ்லிம் வீட்டுக் கல்யாணச் சாப்பாட்டில் சஹன் வைப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். பெரிய தட்டு, நடுவில் சோற்றுக் குவியல், சுற்றிலும் கோழி. ஆறு பேர் பாயில் வட்டமாக உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். தெரியாத ஒரு விஷயம் இருக்கலாம்: சஹனில் ஒரு கை நின்றால் மற்றக் கைகளும் கூச்சப்பட்டு நின்றுவிடும். அதனால் வீட்டுக்காரரின் கை கடைசியில்தான் எழ வேண்டும். எங்கள் சஹனில் ஹாஜியார், மாப்பிள்ளையின் வாப்பாவான சம்மந்தி, சம்மந்தியின் தம்பிமார் இருவர், மௌலவி, நான். பெண்ணைப் பெற்றவர் சம்மந்தியின் சஹனை விட்டு நடுவில் எழுந்தால் அது கதையாகிப் பல வருடம் பேசப்படும்.

மாஸ்டர் சஹனில் இல்லை. தூணோரம் பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் கஞ்சிப் போத்தலோடு, எங்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

நான் என் பழக்கப்படி மற்றவர்களின் பிடிகளை எண்ணிக்கொண்டே சாப்பிட்டேன். ஹாஜியாரின் கணக்கு உதைத்தது. அவர் ஒரு பிடி எடுத்தார், உருட்டினார், மெதுவாகத் தட்டிலேயே விட்டார். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும். அவருக்கு எதிரே இருந்த கோழிக்கால் தொடப்படவில்லை. முகத்தைப் பார்த்தேன். நன்றாகச் சுற்றும் விசிறிக்குக் கீழே, நெற்றியில் வியர்வை மணி மணியாக. முகம் ஊறவைத்த அரிசி நிறம்.

அவர் காதருகே சாய்ந்து, “ஹாஜியார், நெஞ்சு நோவுதா?” என்றேன்.

“கேஸ், டொக்டர். சோடா குடிச்சாப் போவும்.”

“எப்ப இருந்து?”

“விடிய சுபஹ் தொழுகைக்கிப் பொறகு. வந்து வந்து போவுது. கேஸ்தான். என்ட ரிப்போர்ட்ட நீங்க பாத்தீங்கதானே?”

“அந்த ரிப்போர்ட் மூனு வருசத்துக்கு முந்தினது. எந்திரிங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்.”

“சம்மந்தி சாப்பிடுறாரு!” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். சொல்லிவிட்டுச் சம்மந்தியைப் பார்த்துச் சிரித்தார். சிரிப்பு வழக்கமான அளவில் பாதிதான் வந்தது.

“என்ன சம்மந்தி, கை நிக்கிது?” என்றார் சம்மந்தி. “நீங்க சாப்பிட்டாத்தானே நாங்க சாப்பிடலாம்.”

“இந்தா!” என்று ஹாஜியார் நான்காவது பிடியை எடுத்து உருட்டத் தொடங்கினார்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். உங்களுக்கும் இப்படி ஒரு நேரம் வரும். எதிரே ஒருவர் செத்துக்கொண்டிருக்கக் கூடும். அவர் மரியாதைக்காகச் சோறு உருட்டுகிறார். நான் எல்லோர் முன்னாலும் “உங்களுக்கு மாரடைப்பு” என்று சத்தமாகச் சொன்னால் அவர் மறுப்பார், ரிப்போர்ட்டைப் பேசுவார், சம்மந்தி வேறு ஏதாவது பேசுவார், வாக்குவாதத்தில் நேரம் போகும். நேரம்தான் அங்கே இதயத்தின் சதை. முதலில் வண்டி வரட்டும், பிறகு ஆளை ஏற்றுவோம் என்று முடிவு செய்தேன்.

முதல் ஆளாகச் சஹனிலிருந்து எழுந்தேன். ஐந்து பேரும் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. வாசலில் நின்ற ஹாஜியாரின் தம்பி மகனிடம், “நெஞ்சு வருத்தம். ஒடனே அம்புலன்ஸுக்கு அடிங்க” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அந்தக் குடும்பத்தில் நெஞ்சு வருத்தம் என்றால் ஒரே ஓர் ஆள்தான். மூன்று வருடமாக அப்படித்தான். தம்பி மகன் என்னிடம் “ஆருக்கு?” என்று கேட்கவே இல்லை.

“மாஸ்டருக்கு வந்துட்டுது!” என்று கத்திக்கொண்டே ஓடினார்.

மண்டபம் எழுந்தது. தூணோரம் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த மனிதரை எட்டுப் பேர் தூக்கினார்கள். போத்தல் உருண்டது. ஒருவர் சேர்ட் பொத்தான்களைக் கழற்றினார், ஒருவர் பாதத்தைத் தேய்த்தார், ஒருவர் சாகக் கிடப்பவருக்கு ஓதும் யாசீனை ஓதத் தொடங்கினார். நான் எப்போதும் சட்டைப் பையில் வைத்திருக்கும் அஸ்பிரின் பட்டையை எடுத்தேன், ஹாஜியாருக்குக் கொடுக்க. யாரோ அதைப் பிடுங்கி மூன்றை உரித்து மாஸ்டர் வாயில் போட்டார்.

“இவருக்கு ஒன்னும் இல்லங்க! அவருக்கு!” என்றேன். யார் கேட்கிறார்கள்? மைக்கில் எல்லோரையும் துஆ செய்யும்படி சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மாஸ்டர் முதலில் “எனக்கி ஒன்னும் செய்யல்லயே” என்றுதான் சொன்னார். ஆனால் முப்பது பேர் அழும் முகத்தோடு தன்னைப் பார்க்கும்போது ஒரு மனிதன் எவ்வளவு நேரம் உறுதியாக இருப்பான்? கண்ணை மூடிக்கொண்டு கலிமா சொன்னார்.

பெண்கள் பக்கத் திரையைத் தள்ளிக்கொண்டு பரீதா அண்ணனிடம் ஓடி வந்தாள். “நானா! நானா! என்னைய உட்டுட்டுப் போவாதீங்க!”

இவ்வளவுக்கும் தலைமை தாங்கியவர் ஹாஜியார். அவருக்கு இது அல்லாஹ் அனுப்பிய சாட்டு: சஹனை விட்டு எழும்ப மச்சானின் சாவைவிட நல்ல காரணம் வேண்டுமா? எழுந்து வந்து, “தள்ளுங்க! காத்து வரட்டும்! மச்சான், பயப்படாதீங்க, நான் ஈக்கிறேன்!” என்று ஆணையிட்டார். அம்புலன்ஸ் வந்தது. மாஸ்டரைக் கிடத்திய ஸ்ட்ரெச்சரின் தலைப்பக்கத்தை ஹாஜியார் தூக்கிக்கொண்டார்.

என் வாழ்க்கையில் பார்த்த பயங்கரமான காட்சி அதுதான். அடைபட்ட இதயம், அடைபடாத இதயத்தைச் சுமந்து படி இறங்குகிறது.

நான் ஓடிப்போய் அந்தக் கைப்பிடியைப் பிடுங்கினேன். என் இடுப்பு அன்று பிடித்தது, இன்னும் விடவில்லை. “ஹாஜியார், நீங்க விடுங்க. மச்சானோட உள்ள ஏறி அவரு கையப் பிடிச்சிக்கிட்டு ஒக்காருங்க. அவருக்கு அதுதான் மருந்து,” என்றேன்.

மச்சானுக்காக என்றதும் மறுபேச்சு இல்லாமல் ஏறினார். நானும் ஏறினேன். கதவு மூடியது. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

வண்டி கிளம்பியதும் மாஸ்டர் ஒரு கண்ணைத் திறந்தார். வாயில் இன்னும் அஸ்பிரின். தன் கையைப் பிடித்துக்கொண்டிருந்த கை ஐஸ் மாதிரி இருந்திருக்க வேண்டும். மச்சானின் முகத்தைப் பார்த்தார். வீட்டுக் கணக்குச் செய்யாமல் வந்து, “கொப்பிய வீட்ல வெச்சிட்டேன் சேர்” என்று சொல்லும் பையன்களின் முகத்தை முப்பது வருடத்துக்கு மேல் பார்த்த மனிதர். இந்தக் குறிப்பிட்ட முகத்தை ஒரு வருடம் முழுக்கப் பார்த்தவர்.

“மச்சான், எந்த எடம் நோவுது?”

“எனக்கா? எனக்கி ஒன்னும் நோவல்ல. நீங்க படுங்க.”

“ரவூப்.”

மச்சான் என்று சொல்லவில்லை. வகுப்பறைக் குரல். ஹாஜியாரின் கண் நிலத்துக்குப் போனது.

“நெஞ்சு,” என்றார். “தாடையும். இந்தக் கையும்.” பிறகு, இன்னும் சின்னக் குரலில், “மூனு வருசமா ஒங்களப் பகிடி பண்ணினவன், எப்பிடி மச்சான் சொல்ற?”

மாஸ்டர் எழுந்தார். ஓடுகிற வண்டியில், கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஸ்ட்ரெச்சரிலிருந்து இறங்கினார். “படுங்க,” என்றார். ஹாஜியார் படுத்தார். முன்னால் இருந்த உதவியாளர் திரும்பிப் பார்த்துத் திகைத்து, நோயாளி யார் என்று சிங்களத்தில் கேட்டார். “மாறிட்டாங்க,” என்று நானும் சிங்களத்தில் சொன்னேன். நான் திரும்பப் பிடுங்கி வைத்திருந்த பட்டையில் மிச்சமிருந்த அஸ்பிரினை ஹாஜியார் சப்பினார்.

அவசரப் பிரிவில் அன்று கடமையில் இருந்தவர் உங்களைப் போல ஒரு புது டொக்டர் பிள்ளை, கெட்டிக்காரி. ஹாஜியாருக்கு ஈசிஜி எடுத்தாள். கோடுகளில் பெரிதாக ஒன்றுமில்லை. ஹாஜியார் இந்த நிலையிலும் போனை எடுத்து, அதில் இருந்த ரிப்போர்ட் படத்தைக் காட்டினார். “பாருங்க மிஸ், முட்டை.”

அவள் என்னைப் பார்த்தாள். “சேர், ஸ்கோர் பூச்சியம். ஈசிஜியும் நோர்மல் மாதிரித்தான். காஸ்ட்ரைட்டிஸா இருக்குமா?”

“ஆளப் பாரும்மா,” என்றேன்.

பார்த்தாள். வியர்வை, நிறம், தாடையைத் தடவும் கை. பிறகு அவளே தாதியிடம் சொன்னாள்: “ஈசிஜி கம்பிய எடுக்க வேணாம் மிஸ். அப்படியே இருக்கட்டும். திரும்ப எடுப்போம்.”

இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை; எழுதுகிறேன், ஏனென்றால் நல்ல தீர்ப்பு என்பது இதுதான். இரண்டு காகிதங்கள் ஒன்றுமில்லை என்கின்றன, மனிதர் இருக்கிறது என்கிறார்; மனிதரைப் போகவிடாமல் வைத்துக்கொள். அடுத்த ஈசிஜியில் கோடு கொஞ்சம் தலை தூக்கியது. அதற்கடுத்ததில் எங்கள் ஊர் மலை மாதிரி எழுந்து நின்றது.

குழாயை அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட வேண்டும். பிள்ளை அதன் நன்மையையும் ஆபத்தையும் சொல்லிச் சம்மதம் கேட்டாள். ஹாஜியார் யோசித்தார். “அதுக்கு முந்தி இன்னொரு படம் எடுத்துப் பாத்துட்டுப் போட்டா என்ன, டொக்டர்? கண்டிக்கிப் போயி...”

“நேரமில்ல ஹாஜியார்,” என்றேன்.

“படத்துல இல்லாத ஒன்னுக்கு எப்பிடி ஊசி...”

“போடச் சொல்லுங்க,” என்றார் மாஸ்டர். சட்டைப் பொத்தான்கள் திறந்தபடி, நேராக நின்றார். “படத்தப் பொறகு பாப்போம். எனக்கி ஒரே ஒரு தங்கச்சி. அவளுக்கு நான் என்ன பதில் சொல்ற? கைய நீட்டுங்க ரவூப்.”

ஹாஜியார் கையை நீட்டினார்.

ஊசி போட்டுக் கொஞ்ச நேரத்தில் நோவு இறங்கத் தொடங்கியது. பிறகு கண்டியில் அஞ்சியோகிராம் எடுத்து, அடைபட்ட இடத்தில் வளையம் வைத்தார்கள். அந்த இடத்தில் சுண்ணாம்பு ஒரு பொட்டும் இல்லை. பச்சை மேடு. ஆனால் நான் சொல்ல வந்தது அன்று மாலை நடந்தது.

மலைநாட்டு ஆஸ்பத்திரி எதுவும் சமதரையில் இல்லை. அவசரப் பிரிவிலிருந்து இருதய வார்டுக்கு ஏற்றமான கூரைப் பாதை. ஞாயிறு என்பதால் ட்ரொலி தள்ள ஒரே ஒரு பணியாளர். ஹாஜியார் எடை குறைந்த ஆளில்லை. பாதி ஏற்றத்தில் ட்ரொலி பின்னால் வரப் பார்த்தது. நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாஸ்டர் சாரத்தை மடித்துக் கட்டினார், பின்னால் தோளைக் கொடுத்தார், வார்டு வாசல் வரைக்கும் தள்ளினார். மூன்று வருடமாகத் தேங்காய் தூக்காத மனிதர். அதை அவரே கவனிக்கவில்லை.

பார்வையாளர் நேரத்தில் பரீதா வந்தாள், கல்யாணச் சாரியோடு. கணவர் கண்ணைத் திறந்து சிரித்ததைப் பார்த்தாள். அழுதாள். அழுது முடித்ததும் கணவரைத் திட்டினாள். சம்மந்தி வீட்டார் கோபிக்கவில்லை, மாப்பிள்ளை வெளியே நிற்கிறான் என்றாள். பிறகு எங்கள் மூவரையும் வரிசையாகப் பார்த்து, “இங்க வரைக்கும் இவரத் தள்ளிக்கிட்டு வந்தது ஆரு?” என்றாள்.

“மாஸ்டர்,” என்றேன்.

“அந்த ஏத்தத்துலயா?”

மாஸ்டர் அப்போதுதான் அதை யோசித்தார். தன் கைகளைப் பார்த்தார்.

“மூச்சு வாங்கிச்சா, நானா?”

“இல்லயே,” என்றார் மாஸ்டர். அவருக்கே ஆச்சரியம்.

“நெஞ்சு அடைச்சிச்சா?”

“இல்ல.”

பரீதா கைப்பைக்குள் தேடிக் கடைச் சாவிக்கொத்தை எடுத்து அண்ணனின் கையில் வைத்தாள். “அப்ப நாளைக்கி காலைல மிளகு லொறி வருது. மூட்டை எறக்கணும். இவரு எந்திரிக்கிற வரைக்கும் கடைய நீங்கதான் பாக்கணும்.”

மாஸ்டர் சாவியைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். மெதுவாக நெஞ்சில் கை வைத்து, கட்டிலோரம் உட்கார்ந்து, கண்ணை மூடினார்.

நான் அவருடைய மணிக்கட்டைப் பிடித்து ஒரு முழு நிமிடம் எண்ணினேன். எழுபத்திரண்டு. ஒன்றுகூடத் தவறவில்லை.

“கடைக்குப் போவலாம்,” என்றேன்.